கணவாய்க்கு அப்பால் ஒரு திருமுழுக்கு

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் தோவாளையின் பூச்சந்தையைத் தாண்டியதும் மலைகள் இருபுறமும் நெருங்கி வருகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை குமரிமுனையை எட்டுமுன் இங்கே ஓர் இடைவெளி விட்டு நிற்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் என்று அதற்குப் பெயர். காற்றுக்கு இது இராசபாட்டை. பருவக்காற்று இந்த இடுக்கில் நுழைந்து பாயும் வேகத்தைக் கண்டுதான், கிழக்கே முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். கணவாய்க்கு மேற்கே நெல்வயலும் தென்னையும் வாழையும். கிழக்கே இறங்கிய சிறிது நேரத்தில் பனையும் உடைமரமும் வறண்ட நிலமும். ஒரே பேருந்துப் பயணத்தில் இரண்டு நாடுகளைக் கண்ட உணர்வு வருகிறது.

பழைய நாளில் அவை உண்மையிலேயே இரண்டு நாடுகளாகத்தான் இருந்தன. மேற்கே மார்த்தாண்ட வர்மர் ஆண்ட திருவிதாங்கூர். கிழக்கே பாண்டிச் சீமை. இந்தக் கணவாய் வழியாக 1745ஆம் ஆண்டில் ஓர் அரண்மனை அலுவலர் கிழக்கு நோக்கிச் சென்றார். அப்போது அவருக்கு வயது 33. திரும்பி வரும்போது அவருக்கு வேறு பெயர் இருந்தது. ஏழாண்டுகள் நிறைவதற்குள் அதே கணவாயின் மலையொன்றில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். போன வழியில் அவர் செய்துகொண்டது ஒன்றே ஒன்றுதான்: வடக்கன்குளம் என்னும் சிற்றூரில் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார்.

வேதசாட்சி தேவசகாயத்தின் வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதவர் குறைவு. திருவிழாக் கூத்துகளிலும் நாடகங்களிலும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அவருடைய சாவைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவருடைய திருமுழுக்கைப் பற்றி நாம் பேசுவதில்லை. எருமை மீது ஏற்றியதும், எருக்கம்பூ மாலை சூட்டியதும், சாட்டையடியும் நம் கற்பனையில் ஆழமாகப் பதிந்துவிட்டன. அந்தத் துன்பங்களுக்கெல்லாம் காரணமாக இருந்த அந்தச் சில நிமிட நீர்ச்சடங்கு மட்டும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் இம்முறை அவர் சாவை நோக்கி நடந்த வழியை விட்டு, திருமுழுக்கை நோக்கி நடந்த வழியில் செல்வதென்று முடிவு செய்தேன்.

அந்த வழி தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் தொடங்குகிறது. இன்று வனத்துறையின் பாதுகாப்பிலுள்ள பூங்கா அது. மரங்கள் அடர்ந்த பாதையில் உள்ளே சென்றால், கூரையற்ற பழைய சிற்றாலயம் ஒன்றில் தெலனாய் படைத்தலைவரின் கல்லறை இருக்கிறது. இலத்தீனிலும் தமிழிலும் பொறித்த கல். ஒல்லாந்தக் கம்பெனியின் படையோடு வந்து, 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் தம்மை வென்ற மன்னருக்கே படை பயிற்றுவித்தவர் அவர்; 1777இல் இங்கேயே இறந்தார். பிறப்பால் பிளாண்டர்ஸ் நாட்டுக் கத்தோலிக்கர். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், அரசுப் பணியின் வழியாக இவரோடு பழகினார். கால்நடை மடிந்தும் வேளாண்மை பொய்த்தும் மனமொடிந்திருந்த நீலகண்டனுக்கு, தெலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. போரில் தோற்றுச் சிறைப்பட்ட ஒருவர், எல்லாம் இழந்த ஒருவரின் கதையை, இழந்துகொண்டிருந்த ஒருவருக்குச் சொல்லியிருக்கிறார். மறையுரை ஆற்றுவதற்கு இதைவிடத் தகுதி வேறென்ன வேண்டும்?

கோட்டையை அடுத்தே புலியூர்க்குறிச்சி. தாகத்தால் தவித்த வேதசாட்சி, பாறையில் முழங்கையால் இடிக்க நீர் சுரந்தது என்று மக்கள் நம்பும் இடம். முட்டிடிச்சான் பாறை என்கிறார்கள். பயணிகள் அந்த நீரைப் பக்தியோடு பருகுகிறார்கள். புட்டிகளில் நிரப்பி வீட்டுக்கும் கொண்டு செல்கிறார்கள். நானும் ஒரு மிடறு பருகிவிட்டு நாகர்கோவில் பேருந்தைப் பிடித்தேன்.

பத்மநாபபுரத்திலிருந்து வடக்கன்குளத்துக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அருகிலிருந்த கடற்கரை ஊர்களிலும் கோட்டாற்றிலும் அப்போதே கத்தோலிக்கக் கோவில்கள் இருந்தன. பின் ஏன் மலை கடந்து செல்ல வேண்டும்? வடக்கன்குளம் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்கு வெளியே இருந்தது. அரசரின் அலுவலர் ஒருவரை அரசரின் எல்லைக்குள்ளேயே மறையில் சேர்த்தால் என்ன நேரும் என்பதைத் தெலனாயும் அறிவார், குருக்களும் அறிவார்கள். ஆகவே வடக்கன்குளத்திலிருந்த இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். தமிழ் மக்கள் பரஞ்சோதிநாதர் என்று அழைத்த இத்தாலியர் அவர்.

அந்தக் குரு உடனே தண்ணீர் ஊற்றிவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். வந்தவரின் உள்ளத்தைச் சோதித்தார், காத்திருக்கச் செய்தார், மறையைக் கற்பித்தார். செல்வாக்குள்ள ஒருவர் வந்திருக்கிறார் என்று அகமகிழ்ந்து அவசரப்படவில்லை. இதனால் உனக்கு ஆபத்து வரும் என்று வெளிப்படையாகவே எச்சரித்தார் என்கிறது மரபு. இன்று நம் பங்குகளில் குழந்தையின் திருமுழுக்குக்கு முன் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் ஒரு மணி நேர வகுப்புக்கு வரவேண்டும் என்றால் எத்தனை முணுமுணுப்பு! மண்டபமும் உணவும் புகைப்படக்காரரும் ஏற்பாடாகிவிட்டபின் வகுப்பு எதற்கு என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

1745 மே 14ஆம் நாள் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். கடவுள் துணை செய்தார் என்னும் பொருளுடைய அந்த எபிரேயப் பெயரைத் தமிழாக்கி, தேவசகாயம் என்றார்கள். இந்தப் பெயர் வைக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அருளப்பன், இராயப்பன், சின்னப்பன், ஞானப்பிரகாசம், சூசை, சவரிமுத்து என்று நம் பாட்டனார்கள் சுமந்த பெயர்களில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புனிதர் இருந்தார். புனிதரையும் விடாமல், தாய்மொழியையும் விடாமல் வைத்த பெயர்கள் அவை. இன்று எம்மொழியிலும் பொருளில்லாத ஓசைகளை எண் கணிதம் பார்த்துப் பிள்ளைக்குச் சூட்டிவிட்டு, கோவில் ஏட்டுக்கு மட்டும் ஒரு புனிதரின் பெயரைத் தேடும் வழக்கம் பெருகிவிட்டது. ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள் எத்தனையோ!

நான் வடக்கன்குளத்தை அடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தேவசகாயம் நின்ற கோவில் இன்று இல்லை. இப்போதுள்ள பெரிய ஆலயம் 1870களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. இரண்டு குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு வாசலருகே காத்திருந்தன. பங்குத்தந்தை வாசலுக்கே வந்து, குழந்தைக்கு என்ன பெயர், திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்று வினவினார். பிறகு நெற்றியில் சிலுவை அடையாளம், தீமையை விட்டுவிடுவதற்கான வாக்குறுதி, நீர், எண்ணெய், வெண்ணிற ஆடை, பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரி. குழந்தைகளில் ஒன்று அழுதது. மற்றொன்று தூங்கியபடியே கிறிஸ்தவனாயிற்று. என் அருகிலிருந்த முதியவர் ஒருவர், "எங்கள் காலத்தில் நாக்கில் உப்பு வைப்பார்கள் ஐயா, இப்போது அதை விட்டுவிட்டார்கள்" என்றார் வருத்தத்தோடு. 1969இல் வெளியான புதிய சடங்குமுறையில் உப்பு இடம்பெறவில்லை. பண்டத்தைக் கெடாமல் காக்கும் பொருள் அது என்பதால், அவருடைய வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

எல்லாம் முடிந்தபின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதுவார்கள். அந்த ஏட்டை நாம் பள்ளிச் சேர்க்கைக்கும் திருமண ஓலைக்கும் சான்று கேட்கும்போது மட்டுமே நினைக்கிறோம். ஆனால் அதன் அமைப்பே ஒரு மறைக்கல்வி. ஒருவருடைய பெயருக்கு எதிரே இடம் விட்டிருப்பார்கள். அவர் உறுதிபூசுதல் பெற்றால் அங்கே குறிக்க வேண்டும். வேறு ஊரில் மணம் முடித்தாலும் செய்தி இங்கே வந்து சேர வேண்டும். குருவானாலும் துறவற வாக்குக் கொடுத்தாலும் இங்கேதான் பதிய வேண்டும். வாழ்க்கை எங்கே ஓடினாலும் கணக்கு திருமுழுக்கு எழுதிய அதே வரிக்குத்தான் திரும்பி வருகிறது. திருச்சபைச் சட்டம் அப்படி விதித்திருக்கிறது.

அந்த ஏட்டில் எழுத இடமில்லாதவை சில உண்டு. வீடு திரும்பிய தேவசகாயம் என்ன செய்தார்? முதலில் மனைவியிடம் சொன்னார். தயங்கிய பார்கவி அம்மையாரும் பின்னர் இதே வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, தெரேசா என்னும் பெயரைத் தமிழில் ஞானப்பூ என்று தாங்கினார். கணவர் இறந்தபின் அந்த அம்மையார் தம் இனத்தாரிடம் திரும்பாமல் இவ்வூரிலேயே வாழ்ந்து மறைந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தேவசகாயமோ அரசுப் பணியைத் தொடர்ந்தார். நாட்டை விட்டு ஓடவில்லை. காட்டுக்குத் தவம் செய்யவும் போகவில்லை. ஆனால் தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார். எல்லாரும் சமம் என்று வலியுறுத்தியதே உயர்குடியினரின் பகையைத் தூண்டியது என்று உரோமையின் அதிகாரப்பூர்வ வரலாற்றுக் குறிப்பும் சொல்கிறது. 1749இல் சிறைப்பட்டார்.

இதை நாம் நின்று எண்ண வேண்டும். அவர் மாற்றிக்கொண்டது வழிபாட்டை மட்டும் என்றால், அந்த நாடு ஒருவேளை பொறுத்திருக்கும். அதே நாட்டில் கடற்கரையெங்கும் கத்தோலிக்கர் இருந்தார்கள், படைத்தலைவரே கத்தோலிக்கர். பொறுக்க முடியாமற் போனது, திருமுழுக்குத் தண்ணீர் அவருடைய இலை விரிந்த இடத்தையும் மாற்றிவிட்டது என்பதைத்தான். வடக்கன்குளத்தில் குரு அவர் தலையில் ஊற்றிய நீர், தினந்தோறும் பந்தியில் வந்து நின்றது.

இனி அந்த ஆலயத்தின் கதையைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. ஆலயத்துக்குள் நின்று பார்க்கிறவருக்கு அதன் அமைப்பு வியப்பூட்டும். ஒரே பீடம், அதிலிருந்து இரண்டு மண்டபங்கள் இரு கால்களைப் போலப் பிரிந்து செல்கின்றன. கட்டடக் கலையின் விந்தை என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு மண்டபத்தில் ஒரு சாதியார், மறு மண்டபத்தில் மற்றச் சாதியார், நடுவே தடுப்பு. ஒருவரை ஒருவர் பாராமல் ஒரே பலியில் பங்குபெறுவதற்காகவே அப்படிக் கட்டினார்கள். தேவசகாயம் எந்த ஊரில் திருமுழுக்குப் பெற்று எல்லாரோடும் உண்ணும் துணிவு பெற்றாரோ, அதே ஊரில், ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுப் பின்னே! 1910இல் பங்குக் குருவாயிருந்த கௌசானல் அடிகள் காலத்தில் அந்தத் தடுப்பை இடித்தார்கள். இடித்ததை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. தடுப்பைத் திரும்பப் பெற முடியவில்லை.

வடக்கன்குளத்தாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் இடித்தார்கள், அந்த ஊர் இன்று பல துறவியரையும் குருக்களையும் ஆசிரியர்களையும் தந்த ஊர். அன்று தமிழ்நாட்டின் பல கோவில்களில் சுவரோ கயிறோ வழக்கமோ ஏதோ ஒன்று நடுவே இருந்தது. அன்றைய குருக்களில் பலரும் அதை நாட்டு வழக்கம் என்று பொறுத்துக்கொண்டார்கள். என்னை வாட்டியது வேறொரு எண்ணம். சுவருக்கு இப்பால் பிறந்த குழந்தைக்கும் அப்பால் பிறந்த குழந்தைக்கும் குரு சொன்ன சொற்கள் ஒன்றே. தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் என்பதைச் சாதிக்கு ஒருவிதமாகச் சொல்லும் நூல் எங்கும் இல்லை. ஒருவன் அவசரத்தில் சாகக் கிடந்தால், யார் வேண்டுமானாலும் அவனுக்குத் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்று திருச்சபை கற்பிக்கிறது. ஊற்றுகிற கை எந்தத் தெருவின் கை என்று அது கேட்பதில்லை. திருமுழுக்கில் கிறிஸ்துவை அணிந்துகொண்டவர்களிடையே யூதர், கிரேக்கர், அடிமை, உரிமைக் குடிமகன் என்ற பிரிவு நிற்காது என்று கலாத்தியருக்குப் பவுலடியார் எழுதியதும் திருமுழுக்கைக் குறித்தே. எல்லாம் தெரிந்தும், அந்த நீர் நெற்றியில் காய்ந்தவுடன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரவர் மண்டபத்துக்குப் போனார்கள்.

கல்லால் கட்டிய சுவரை இடிக்க ஒரு நாள் போதும். நம் வீட்டுத் திருமண விளம்பரங்களைப் பாருங்கள். "ஆர்.சி." என்று எழுதி, அடுத்த சொல்லாக எதை எழுதுகிறோம்? எனக்குத் தெரிந்த ஒரு பங்கில், தேர் எந்தத் தெரு வரைக்கும் வரலாம் என்பதற்காக ஆண்டுதோறும் காவல்துறையை அழைக்கிறார்கள். வேறோர் ஊரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இன்றும் முள்வேலி. இவர்கள் அனைவரும் பாஸ்காத் திருவிழிப்பில் கையில் மெழுகுதிரி ஏந்தி, சாத்தானை விட்டுவிடுகிறோம், அவன் செயல்களை விட்டுவிடுகிறோம் என்று உரத்த குரலில் திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பிக்கிறவர்கள். குரு தெளிக்கும் தீர்த்தம் தங்கள் மேல் ஒரு துளியாவது பட வேண்டும் என்று எட்டி நின்று தலை நீட்டுகிறவர்கள். பக்தியில் குறைவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல, கோவில் வாசலில் திருமுழுக்கைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறோம் போலும்.

இதற்கு மாறானவற்றையும் பார்த்திருக்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்குத் தனிக் குவளை வைத்திருந்த ஒரு குடும்பத்தில், அந்த வீட்டுப் பேத்தி புதுநன்மை வாங்கிய வாரத்தில் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "அவர்களும் நம் கோவிலில்தானே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள்?" பாட்டி பதில் சொல்லவில்லை. தனிக் குவளை சில நாட்களில் அடுக்களையிலிருந்து காணாமற் போயிற்று. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதும் இல்லை.

மாலையில் வடக்கன்குளத்திலிருந்து புறப்பட்டு, காவல்கிணறு வழியாக மறுபடியும் கணவாய்க்கு வந்தேன். ஆரல்வாய்மொழியில் இறங்கினால் காற்றாடிமலை. பெயருக்கேற்ப அங்கே நிற்பவரின் வேட்டி ஒரு நொடியும் அடங்குவதில்லை. 1752 சனவரி 14ஆம் நாள் வேதசாட்சியைச் சுட்ட இடம். தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறை ஒன்று உண்டு. சிறுவர்கள் கல்லால் தட்டித் தட்டிக் காட்டினார்கள். மலையிலிருந்து பார்த்தால் கிழக்கே சமவெளி, அதில் சுழலும் காற்றாலைகள், அவற்றுக்கு அப்பால் வடக்கன்குளத்தின் திசை. மேற்கே திருவிதாங்கூரின் பசுமை. நாட்டின் எல்லையோரத்துக்குக் கொண்டுவந்து கொன்றிருக்கிறார்கள். அப்பால் சென்று திருமுழுக்குப் பெற்றவர், அப்பாலேயே தங்கிவிட்டிருந்தால் உயிர் தப்பியிருப்பார் என்ற நினைப்பு அந்த இடத்தில் யாருக்கும் வரும். மனைவியோடு வடக்கன்குளத்தில் ஓர் ஓலை வீட்டில், செபமாலை சொல்லிக்கொண்டு, அமைதியாக. அவரோ தாம் பிறந்த நாட்டில், தம்மை அறிந்தவர்கள் நடுவில்தான் கிறிஸ்தவராய் இருக்க வேண்டும் என்று திரும்பி வந்தார். அறியாத ஊரில் நல்லவனாய் இருப்பது எளிது.

அவருடைய எஞ்சிய எலும்புகளை மக்கள் திரட்டிக் கோட்டாறு புனித சவேரியார் கோவிலில், பீடத்துக்கு முன்னே அடக்கம் செய்தார்கள். நான் போனபோது இரவாகிவிட்டது. கல்லறையருகே சிலர் முழந்தாளிட்டிருந்தார்கள். ஒரு தாய் தன் குழந்தையின் நெற்றியைக் கல்லின் மேல் வைத்து எடுத்தாள். 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவரை அருளாளராக அறிவித்தபோது, பெயரோடு சாதிப் பட்டமும் சேர்ந்தே ஒலித்தது. எல்லாரும் சமம் என்றதற்காக உயிர் கொடுத்தவரின் பெயருக்குப் பின்னால் அது எதற்கு என்று பலர் எடுத்துரைத்தார்கள். உரோமை அதை ஏற்று நீக்கியது. 2022 மே 15ஆம் நாள் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது வாசித்த பெயர், வடக்கன்குளத்துக் குரு நீரூற்றி அழைத்த பெயர் மட்டுமே. இடையில் 277 ஆண்டுகளும் ஒரு நாளும் கடந்திருந்தன.